மகள் வீட்டு ரேடியேட்டரை நானே கழுவலாமா?

பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரிக்குச் சாமி விக்கிரகங்கள் திருவனந்தபுரம் புறப்பட்டுப் போன வாரத்தில் இந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் விளவங்கோடு பக்கத்துக்காரர். மார்த்தாண்டம், குழித்துறை, கருங்கல் வட்டாரத்தில் 30 வருடமாகப் பிளம்பிங் வேலை பார்ப்பவர். மகள் இங்கிலாந்தில் நர்ஸ். இரண்டு வருடம் முன்பு மகளும் மருமகனும் கடன் போட்டு அங்கே ஒரு பழைய செங்கல் வீடு வாங்கியிருக்கிறார்கள். அறைகளைச் சூடாக்க மாடியும் கீழுமாக 9 ரேடியேட்டர் (உள்ளே சுடுதண்ணீர் ஓடும் இரும்புத் தகடுகள்), அந்தத் தண்ணீரைச் சூடாக்கச் சமையலறை அலமாரிக்குள் ஒரு கேஸ் பாய்லர். டிசம்பரில் மகளுக்குப் பிரசவம். இவரும் மனைவியும் நவம்பர் முதல் வாரம் புறப்படுகிறார்கள்.

போன குளிர்காலத்திலேயே வீடு சரியாகச் சூடாகவில்லை. கீழே ஹாலில் இருக்கும் பெரிய ரேடியேட்டரின் மேல்பாதி சுடுகிறது, அடிப்பாகம் சில்லென்று கிடக்கிறது. மாடி அறைகளில் நேர்மாறு: அடியில் சூடு, உச்சியில் குளிர், உள்ளே களகளவென்று சத்தம். பாய்லரின் பிரஷர் முள் வாரம் ஒரு முறை கீழே இறங்கிவிடுகிறது. மருமகன் பாய்லருக்கு அடியில் உள்ள வெள்ளி நிற வளைபைப்பைத் திறந்து தண்ணீர் ஏற்றி ஏற்றி ஓட்டுகிறார். ரேடியேட்டரில் காற்று எடுத்தபோது மை மாதிரி கருப்புத் தண்ணீர் வந்து தரைக் கம்பளம் கறையாகிவிட்டது. ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்து, பவர் ஃபிளஷ் செய்ய, அதாவது இயந்திரம் வைத்துத் தண்ணீரை வேகமாகத் தள்ளிக் கழுவ, 650 பவுண்ட் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என் மோளுடைய வீட்டில் பைப்பைக் கழுவ இன்னொருத்தனுக்கு எதுக்கு இவ்வளவு பணம்?" என்பது இவருடைய கேள்வி. திட்டமும் சொல்லியிருக்கிறார். பழைய தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு, பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றி ஒரு மணி நேரம் ஓட விட்டு, இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசிப் புதுத் தண்ணீர் நிரப்புவது. இனி வருடா வருடம் மருமகனே தண்ணீரை மாற்றிக்கொள்வது. மனைவிக்கு வேறு கவலைகள். அந்தக் கருப்புத் தண்ணீர் விஷமா? பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் அறையை நம் ஊர்ச் சூட்டில், 28, 30 டிகிரியில் வைத்துக்கொள்ள முடியுமா?

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி. "மருமகனுக்குப் போன குளிர் முழுக்கச் சாயங்காலமானால் தலைவலியும் ஓங்கரிப்பும். இப்போ ஹீட்டிங் போட ஆரம்பிச்சதும் மறுபடி வருது. வேலைக்குப் போய்விட்டால் சரியாயிடும். அந்த ஊர் குளிர் ஒத்துக்கலை போல."

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் கேட்காத அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில்.

முதலில் அந்தத் தலைவலி

கடிதம் படித்த அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். இந்தப் பகுதி வெளிவரும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை அது. மற்ற வாசகர்களுக்காக இங்கே மறுபடி சொல்கிறேன். நம் மாவட்டத்தில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பாத தெருவே குறைவு.

வீட்டுக்குள் இருக்கும்போது தலைவலி, ஓங்கரிப்பு, தலைச்சுற்றல், அசதி; வெளியே போனால் தெளிந்துவிடுகிறது; ஹீட்டிங் போடும் மாதங்களில் மட்டும் வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கும் முன் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகப்பட வேண்டும். கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் வாயு அது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வயிற்றில் பிள்ளை இருக்கும் பெண்ணுக்கு இது இன்னும் ஆபத்து, பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

செய்ய வேண்டியது: பாய்லரை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து, அங்குள்ள கேஸ் அவசர எண் 0800 111 999-க்குப் பேச வேண்டும். இரவும் பகலும் எடுப்பார்கள். தலைவலி வருகிறது என்பதையும், வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். டாக்டரிடமும் இந்தச் சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் அதற்கான ரத்தப் பரிசோதனையை நினைப்பார். பதிவுபெற்ற பொறியாளர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை பாய்லரைத் தொடக்கூடாது.

இப்போது வரும் பாய்லர்கள் எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளும். அதனால் ஒன்றும் இருக்காது என்றுகூட நான் நினைத்தேன். ஆனால் இரண்டு நாள் கழித்து நீங்களே சொன்னீர்கள்: புகைக்குழாயின் ஒரு மூட்டில் சீல் போயிருந்ததாம். அதை மாற்றிவிட்டார்கள், மகளையும் மருமகனையும் டாக்டர் பார்த்துவிட்டார். மனம் நிம்மதியானது. இனி அந்தச் சமையலறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு ராத்திரியும் கழியக்கூடாது. அட்டைப்பெட்டியில் ஈஎன் 50291 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கூரையில் இருக்கும் புகை அலாரம் வேறு, இது வேறு. அது இதைக் கண்டுபிடிக்காது.

சரி, இப்போது ரேடியேட்டருக்கு வருவோம்.

இந்தத் தண்ணீர் ஓடுவதில்லை, சுற்றுகிறது

நீங்கள் 30 வருடம் பார்த்த வேலையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கிணற்றிலிருந்து டேங்குக்கு, டேங்கிலிருந்து குழாய்க்கு, அங்கிருந்து ஓடைக்கு. புதுத் தண்ணீர் வர வர நல்லது. கிணறு தூர் வாரினாலும் பழையதை முழுக்க இறைத்துவிட்டுப் புது ஊற்று வரட்டும் என்றுதான் காத்திருப்போம். நானும் நாகர்கோவில்காரன்தான். இங்கிலாந்தில் இந்த வேலைக்குப் போன முதல் குளிர்காலத்தில் உங்களைப் போலவேதான் நினைத்தேன்.

மகள் வீட்டுக் குழாய்களில் இருக்கும் தண்ணீர் அப்படி இல்லை. சுமார் 100 லிட்டர் தண்ணீர், மூடிய வளையத்துக்குள், பாய்லரில் சூடாகி ரேடியேட்டர்களுக்குப் போய் ஆறித் திரும்பி வருகிறது. அதே தண்ணீர்தான் வருடக்கணக்காகச் சுற்றும். ரேடியேட்டர் மெல்லிய இரும்புத் தகடு. புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு அந்த இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஆனால் கொஞ்ச நாளில் அந்தப் பிராணவாயு தீர்ந்துவிடும். தீர்ந்ததும் துருவும் ஏறக்குறைய நின்றுவிடும். முட்டத்திலோ குளச்சலிலோ கரையில் நிற்கும் இரும்புக் கம்பியைப் பாருங்கள். அலையும் காற்றும் மாறி மாறிப் படும் இடம்தான் முதலில் தின்று போயிருக்கும். தண்ணீர் மட்டும் இருந்தால் இரும்பு அவ்வளவு சீக்கிரம் சாகாது. தண்ணீரோடு காற்றும் வந்துகொண்டே இருந்தால்தான் சாகும்.

அதனால் அங்கே பழைய தண்ணீர்தான் நல்ல தண்ணீர். வருடா வருடம் மாற்றுவது வேண்டவே வேண்டாம். மருமகன் வாரம் ஒரு முறை ஏற்றுகிறாரே, அந்தப் புதுத் தண்ணீர்தான் இந்த நோய்க்குத் தீனி. இரண்டு வருடமாக வாராவாரம் கொஞ்சம் பிராணவாயுவை உள்ளே அனுப்பி, ரேடியேட்டர்களை உள்ளிருந்து அரைத்துப் பொடியாக்கிக்கொண்டிருக்கிறார். பாவம், அவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

அக்காவிடம் சொல்லுங்கள்: கருப்புத் தண்ணீர் விஷம் இல்லை. இரும்புத் துருவின் ஒரு வகை, மேக்னடைட் என்பார்கள், காந்தத்தில் ஒட்டும். குடிக்கக்கூடாது, கம்பளத்தில் பட்டால் போகாது. குழாயில் வரும் சுடுதண்ணீர் வேறு வழியில் சூடாகி வருகிறது, இந்தத் தண்ணீரோடு கலப்பதில்லை. பேரப்பிள்ளையைத் தாராளமாக அதில் குளிப்பாட்டலாம்.

மேலே குளிரா, அடியில் குளிரா

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, எந்த ரேடியேட்டர் எங்கே குளிர்கிறது என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருந்தது. தொழில் தெரிந்தவர் கண் அது. பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிட்டது.

மாடியில் உச்சி குளிர்ந்தால் உள்ளே காற்று. காற்று என்று சொல்கிறோமே தவிர, துருப்பிடிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனும் அதில் இருக்கும். அதனால்தான் எத்தனை முறை எடுத்தாலும் மறுபடி சேர்கிறது. ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, ரேடியேட்டர் ஓரத்தில் உள்ள சின்னத் திருகை அதற்கான சாவியால் அரைச் சுற்றுத் திறந்தால் உஸ்ஸென்று போகும். தண்ணீர் வந்ததும் மூடிவிடலாம். பக்கத்தில் தீக்குச்சி, மெழுகுவத்தி கூடாது. அடியில் பழைய துண்டு ஒன்று, ஒரு டப்பா. கம்பளத்தின் கதை உங்களுக்கே தெரியும்.

ஹாலில் அடிப்பாகம் குளிர்ந்தால் உள்ளே சேறு. அந்த மேக்னடைட் கனமானது, அடியில் படிந்து சூடான தண்ணீரை வழி விடாமல் தடுக்கிறது. காற்று எடுத்தால் இது போகாது.

ஒரு ரேடியேட்டர் முழுவதுமே குளிர்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் வேறு விஷயம். ஓரத்தில் எண் போட்ட திருகுத் தலை இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ஊசி. வெயில் காலம் முழுக்க அசையாமல் இருந்து அது அமுங்கியபடியே பிடித்துக்கொள்ளும். ஸ்பானரின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி, அழுத்தி அழுத்தி விட்டால் எழும்பிவிடும். குறடால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்துவிட்டால் ஹால் முழுக்கக் கருப்பு நீரூற்று.

பிரஷர் முள் ஏன் இறங்குகிறது

கழுவுவதற்கு முன் இதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். ஒழுகும் வளையத்தைக் கழுவுவது ஓட்டைக் குடத்தைத் துலக்குவது மாதிரி.

ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது பிரஷரின் அளவு) நடுவில் நிற்க வேண்டும். சூடானதும் கொஞ்சம் ஏறும். மருமகனை ஒரு நாள் மட்டும் முள்ளைக் கவனித்து எழுதச் சொல்லுங்கள். சூடாகும்போது 3-ஐ நெருங்கி, ஆறியதும் தரைக்கு வந்தால், பாய்லரோடு இருக்கும் விரிவுக்கலம் வேலை செய்யவில்லை. தண்ணீர் சூட்டில் விரியும்போது இடம் கொடுக்க ஒரு கலம், நடுவில் ரப்பர் சவ்வு, மறுபக்கம் அடைத்த காற்று. காற்று இறங்கினாலோ சவ்வு கிழிந்தாலோ விரிந்த தண்ணீருக்குப் போக இடமில்லை. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய் வழியாகக் கொட்டிவிடும். அந்தக் குழாயின் வாயில் ஈரமோ பச்சைக் கறையோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முள் அப்படி ஏறாமல் மெல்ல மெல்ல மட்டும் இறங்கினால் எங்கோ ஒழுக்கு. ஒவ்வொரு வால்வின் தண்டிலும் மூட்டிலும் காய்ந்த காகிதத் துண்டை ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். தரைப்பலகைக்கு அடியில் இருந்தால்தான் கஷ்டம். இந்தத் தேடல் உங்கள் கைக்கு நன்றாக வரும். விரிவுக்கலம் பல பாய்லர்களில் மூடிக்கு உள்ளேதான் இருக்கும். அப்படியானால் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அந்த வெள்ளி நிற வளைபைப்பைத் தண்ணீர் ஏற்றி முடித்ததும் இரண்டு பக்கமும் இறுக மூடி, கழற்றி வைத்துவிட வேண்டும். கொஞ்சம் திறந்தே வைத்திருந்தால் முள் இறங்காது என்று சிலர் செய்வார்கள். ஒழுக்கு இருப்பதே தெரியாமல் போகும், இரும்பு தின்னப்படுவது மட்டும் நிற்காது.

ஆசிட்டை மறந்துவிடுங்கள்

பாத்ரூம் ஆசிட் டைல்ஸில் படிந்த சுண்ணாம்புக் கறையைத் தின்னும், சரி. அங்கே படிந்திருப்பது சுண்ணாம்பு இல்லை, இரும்புத் துரு. ஆசிட் துருவைக் கரைக்கும், பின்னாலேயே தகட்டையும் கரைக்கும். பாய்லருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் பாகம் பெரும்பாலும் அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான். இந்த ஆசிட் இரண்டையும் விடாது. ஒரு மணி நேரத்தில் பாய்லரின் ஆயுளையே முடித்துவிட முடியும். பெட்டியில் எடுத்துப் போகவும் விடமாட்டார்கள். அங்கே கடையில் பார்த்தாலும் வாங்காதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஒழுக்கைச் சரிசெய்த பிறகு, முதலில் ஹால் ரேடியேட்டர் ஒன்றை மட்டும் கழற்றிக் கையால் கழுவுவேன். 9-ல் ஒன்றுதான் சேறு நிரம்பிக் கிடக்கிறது. அது சரியானாலே வீட்டில் பாதிக் குளிர் போய்விடும்.

ரேடியேட்டரின் ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் தொப்பி போட்ட வால்வு இருக்கும். தொப்பியை எடுத்து ஸ்பானரால் வலப்பக்கம் திருகி மூடுங்கள், எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரிலேயே பென்சிலால் எழுதுங்கள். திரும்பத் திறக்கும்போது அதே எண்ணிக்கைதான். எல்லா ரேடியேட்டருக்கும் தண்ணீர் பங்கிடுவது அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. மறுஓரத்தில் எண் போட்ட தலை உள்ள வால்வை 0-வில் வைத்தால் மூடிவிட்டது என்று நம்பாதீர்கள். அறை ரொம்பக் குளிர்ந்தால் குழாய் உறையாமலிருக்க அது தானாகவே திறந்துகொள்ளும். ராத்திரி ரேடியேட்டர் வெளியே, வால்வு திறந்து, ஹால் முழுக்கத் தண்ணீர் என்று நான் பார்த்திருக்கிறேன். தலையைக் கழற்றிவிட்டு அதற்கான மூடுதொப்பியைத் திருகி, வால்வின் வாயையும் அடைத்துவிடுங்கள்.

அங்கே குழாய்கள் செம்பு, 15 மில்லிமீட்டரும் 22 மில்லிமீட்டரும். நம் ஊர் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயின் பசை வேலை கிடையாது, பித்தளை வளையத்தை இறுக்கும் மூட்டுகள். ரேடியேட்டரின் மரை மட்டும் நமக்குப் பழகிய அரை இஞ்ச்தான், டெஃப்ளான் டேப்பும் அதேதான். இரட்டைத் தகடு ரேடியேட்டரைத் தனியாளாகத் தூக்காதீர்கள், தண்ணீரோடு அது நல்ல கனம். உள்ளே மிச்சமிருக்கும் கருப்புத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு, வாய்களை அடைத்து, கொல்லைக்குக் கொண்டுபோய் ஹோஸை விட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். முதலில் வரும் சேற்றில் ஒரு சின்னக் காந்தத்தை விட்டுப் பாருங்கள், மீசை மீசையாக ஒட்டும். மருமகனுக்கும் காட்டுங்கள். அப்புறம் அந்த வளைபைப்பைத் தொடும் முன் அவர் ஒருமுறை யோசிப்பார்.

மற்ற ரேடியேட்டர்களுக்கும் குழாய்களுக்கும் இதற்கென்றே செய்த கழுவும் மருந்து இருக்கிறது. ஃபெர்நாக்ஸ், சென்டினல் இரண்டும் அங்கே எந்தப் பிளம்பிங் கடையிலும் கிடைக்கும். மருந்தை உள்ளே விட்டு ஹீட்டிங்கை வழக்கம்போல ஓட்ட வேண்டும். வகையைப் பொறுத்துச் சில மணி நேரம் முதல் சில வாரம் வரை பாட்டிலிலேயே போட்டிருக்கும். பிறகு வீட்டின் மிகத் தாழ்வான இடத்தில் உள்ள வடிகுழாயில் ஹோஸ் மாட்டி வடித்து, தெளியும் வரை அலசுங்கள். இந்த மருந்துத் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும். வாசலில் உள்ள மழைநீர் ஓடையில் விட்டால் நேராக ஆற்றில் கலந்துவிடும்.

கடைசியாகப் புதுத் தண்ணீரோடு துருத் தடுப்பு மருந்து. இன்ஹிபிட்டர் என்று கேளுங்கள். சாதாரண வீட்டுக்கு ஒரு பாட்டில் போதும். இதைப் போடாமல் விட்டால் முன்பு செய்ததெல்லாம் வீண், ஏனென்றால் 100 லிட்டர் புதுப் பிராணவாயுத் தண்ணீரை நாமே ஊற்றியிருக்கிறோம். பிறகு கீழ்த்தளத்தில் தொடங்கி மாடி வரை காற்றெடுத்து, முள்ளை 1.2-ல் நிறுத்துங்கள். பாய்லருக்குத் திரும்பிப் போகும் குழாயில் ஒரு காந்த வடிகட்டியும் பொருத்திவிட்டால் மிச்சச் சேறு பாய்லருக்குள் நுழையாது. செலவு செய்வதானால் அதற்குச் செய்யுங்கள்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். முழுவதையும் வடிப்பது ஒரு நாள் வேலை, ஏதாவது மக்கர் செய்தால் இரண்டு நாள். நவம்பர் குளிரில் நிறைமாதக் கர்ப்பிணியை வைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் அதைத் தொடங்காதீர்கள். போனதும் முதல் வாரத்தில், கடை திறந்திருக்கும் ஒரு காலையில், கையில் ஒரு மின்சார ஹீட்டரோடு ஹால் ரேடியேட்டரை மட்டும் முடியுங்கள். பெரிய கழுவலைப் பிள்ளை பிறந்து, ஏப்ரல் வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நீங்கள் அதற்குள் திரும்பிவிட்டாலும், மருமகனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வரலாமே.

எது வரை உங்கள் வேலை

தண்ணீர்ப் பக்கம் நீங்கள் தாராளமாகச் செய்யலாம். பாய்லரின் மூடியையும், கேஸ் குழாயையும், புகைக்குழாயையும் தொடக்கூடாது. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகள் உண்டு. கேஸ் வேலை செய்யும் பொறியாளர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவரிடம் படம் போட்ட அடையாள அட்டை இருக்கும், அதன் பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று எழுதியிருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, அங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை, அண்ணன். ஆனால் அந்தப் புகைக்குழாய் மூட்டு ஒன்று போனதற்கே என்ன ஆனது என்று பார்த்தோம். நாளைக்கு ஏதாவது நடந்தால் வீட்டு இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

விசா பற்றியும் ஒரு வார்த்தை. மகள் வீட்டில் அப்பா ஒரு ரேடியேட்டரைக் கழுவுவது குடும்ப வேலை. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரோ மகளின் ஆஸ்பத்திரித் தோழியோ "எங்க வீட்டுக்கும் வாங்க அங்கிள்" என்று கூப்பிடுவார்கள். கண்டிப்பாகக் கூப்பிடுவார்கள், அங்கே நல்ல பிளம்பர் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். பார்வையாளர் விசாவில் போனவர் வேலை செய்யக்கூடாது, கூலி வாங்காவிட்டாலும் சிக்கல் வரலாம். சாயா குடித்துவிட்டு வாய்வார்த்தையாக வழி சொல்லிவிட்டு வாருங்கள்.

அந்த 650 பவுண்ட்

அந்தத் தொகை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். இயந்திரத்தை இறக்கி, ஒவ்வொரு ரேடியேட்டராகத் திருப்பித் திருப்பித் தள்ளி, ஒருவர் நாள் முழுக்கச் செய்கிற வேலை அது. ஆனால் உங்கள் வீட்டுக்கு இப்போது அது தேவையா என்பதுதான் கேள்வி. அவர் பிரஷர் ஏன் இறங்குகிறது என்று பார்க்காமலே கழுவச் சொல்லியிருக்கிறார், அதுதான் எனக்கு உறுத்துகிறது. பழைய வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. துருவே அடைத்துக்கொண்டிருக்கும் ஊசித்துளைகள் அந்த வேகத்தில் திறந்துகொள்ளும், கழுவிய மறுநாள் புது ஒழுக்கு. நாலைந்து ரேடியேட்டர் அடியில் குளிர்ந்திருந்தாலோ, புதுப் பாய்லர் வைக்கப் போகிறீர்கள் என்றாலோ, கொடுக்கலாம். அப்போதும் கழுவும் முன்பும் பின்பும் தண்ணீர் மாதிரியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதே சிக்கலோடு வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால்: அங்கே ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் பழுதுபார்த்துத் தருவது வீட்டு உரிமையாளரின் கடமை. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11-வது பிரிவிலேயே அது இருக்கிறது. வருடம் ஒருமுறை கேஸ் சோதனை செய்து சான்றின் நகலைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டும். பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் 2022 அக்டோபர் முதல் அவர் பொறுப்பு. சின்ன ரிப்பேர் நாமே பார்த்துக்கொள்வோம் என்ற நம் ஊர் வழக்கத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். எழுத்தில் புகார் கொடுத்து, தேதியோடு நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு

மார்கழி விடியலில்கூட நம் ஊரில் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அதனால் அங்கே 20 என்று கேட்டாலே உங்களுக்கு நடுக்கம் வரும். ஆனால் பிள்ளை தூங்கும் அறைக்கு அங்கே டாக்டர்கள் சொல்வது 16 முதல் 20 டிகிரிதான். பிறந்த பிள்ளையைச் சூடு அதிகமான அறையில் போர்த்தித் தூங்கவைப்பது தூக்கத்திலேயே உயிர் போகும் ஆபத்தைக் கூட்டும். உங்கள் மகள் நர்ஸ், இதை என்னைவிட நன்றாகச் சொல்வார். அவர் சுவரில் உள்ள சூட்டுக் கட்டுப்பாட்டில் டிகிரியைக் குறைத்து வைத்தால் நீங்கள் ராத்திரி எழுந்து கூட்டாதீர்கள். குளிர்ந்தால் நீங்கள் ஒரு ஸ்வெட்டர் கூடப் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிலை ரேடியேட்டர் பக்கத்தில் போடவும் வேண்டாம். துணியை அதன் மேல் காயப்போட்டால் சூடு துணிக்குள்ளேயே நின்றுவிடும், அறை முழுக்க ஈரம் பரவிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். கீழே கொடி கட்டி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துக் காயப்போடுங்கள்.

அண்ணன், கிளம்பும்போது பெரிய பைப் ரென்ச்சுகளை எடுத்துப் பெட்டி எடையைக் கூட்டாதீர்கள். இரண்டு சாதாரண ஸ்பானரும் ரேடியேட்டர் சாவியும் அங்கேயே கிடைக்கும். இன்ஹிபிட்டர் பாட்டிலோடு ஒரு ஸ்டிக்கரும் வரும். எந்தத் தேதியில், எந்த மருந்து, எவ்வளவு என்று அதில் எழுதிப் பாய்லரின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்து சர்வீஸுக்கு வருகிறவர் மூடியைத் திறக்கும் முன் தேடுவது அதைத்தான்.